யாரும் கேட்காத ஃபோன்

தவெயூனித் தீவில் உலமிலாவின் ஃபோனைவிட அசிங்கமான ஃபோன் கிடையாது. நங்கரா கடைத்தெருவில் ஃபோன் பழுது பார்க்கிறவன் நான். பேச்சுக்காகச் சொல்லவில்லை, பார்த்துத்தான் சொல்கிறேன். மேல் மூலையில் கண்ணாடி நொறுங்கியிருக்கும். பின்மூடி எப்போதோ தொலைந்துபோய், கறுப்பு இன்சுலேஷன் டேப்பு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சத்தத்தைக் கூட்டும் பொத்தான் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அதில் தீக்குச்சியை விட்டு அழுத்துவாள். பஸ் நிற்கும் இடத்தில் தாலோக் கிழங்கும் கீரையும் விற்கிற கை என்பதால் சந்து பொந்தெல்லாம் மண்.

என் தொழிலுக்கு அந்த ஃபோன் ஒரு அவமானம். கண்ணாடியையாவது மாற்றித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். டேப்பு நைந்தால் புது டேப்பு ஒட்டச் சொல்வாளே தவிர, கண்ணாடியைத் தொட விடமாட்டாள். காரணம் தெரிந்த அன்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவளுக்கு இதற்கு முன் மூன்று நல்ல ஃபோன்கள் இருந்தன. முதலாவதை, செவிலியர் படிப்புக்கு லம்பாசா போகும்போது அண்ணன் மகள் கேட்டாள். இரண்டாவதை அந்த அண்ணன் சகியூசாவே கேட்டார். மூன்றாவதை, மீன்பிடிக் கப்பலுக்குப் போன சித்தப்பா மகன் கேட்டான். இங்கே சொந்தக்காரர்கள் "கெரெகெரெ" என்று சொல்லிக் கேட்டுவிட்டால் முடிந்தது. கொடுப்பவர் முகம் சுளிக்கக் கூடாது, கேட்பவர் கூச்சப்படத் தேவையில்லை. உலமிலாவும் கேட்டு வாங்கியவள்தான். புயலில் அவள் வீட்டுக் கூரை பறந்தபோது சகியூசா தன் சமையல்கட்டுத் தகரத்தைக் கழற்றி வந்து அவள் தலைக்கு மேலே போட்டார். அவள் மகன் இசிகேலியைச் சூவாவில் பள்ளிக்கூடம் சேர்க்க, வேரை இடித்துக் கரைத்துக் குடிப்பதற்காக வளர்க்கிற, இன்னும் ஓராண்டு மண்ணில் இருக்க வேண்டிய யங்கோனாச் செடிகளைப் பிடுங்கி விற்றவரும் அவரே. அப்படிப்பட்ட அண்ணன் கேட்டால் எந்தத் தங்கைக்கு இல்லையென்று சொல்ல வாய் வரும்? அதனால் யாருக்கும் கேட்கத் தோன்றாத ஒரு ஃபோனை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள்.

"கண்ணாடிய மாத்துனீங்கன்னா அடுத்த வாரமே இது வேற வீட்டுல இருக்கும்ணே. ஒடஞ்சே கெடக்கட்டும்" என்றாள்.

என்னிடம் மட்டும் எல்லாவற்றுக்கும் காசு கொடுத்துவிடுவாள். டேப்புக்குக்கூட. கொடுத்துவிட்டு "வினாகா" என்று நன்றியும் சொல்லுவாள். ஒருநாள் விளையாட்டாக, என்னிடமும் கெரெகெரெ போட வேண்டியதுதானே என்று கேட்டேன். அது சொந்தக்காரர்களிடம் மட்டும்தான் என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் பிறந்து வளர்ந்ததும் இதே தீவில்தான். சுருக்கென்றது. ஆனாலும் கடைக்காரனுக்கு அது லாபம்தானே என்று சிரித்து விட்டுவிட்டேன்.

இசிகேலிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. இப்போது வாலிபன். சூவாவில் ஒரு தச்சுப் பட்டறையில் நாற்காலி மேசை செய்கிறான். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட சைகை மொழி அவனுக்கு ஒன்று உண்டு. ஆனால் அம்மாவும் அவனும் பேசிக்கொள்வது அதில் அல்ல. அவன் தவழ்ந்த காலத்திலிருந்து இருவருமாக உண்டாக்கிக்கொண்ட சைகைகள் அவை, உலகத்தில் இரண்டே பேர் பேசுகிற பாஷை. அதற்கு முகம் வேண்டும், கை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து, மத்தியானம் மீனும் தாலோவும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டு முடித்ததும், சர்ச்சுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஈரப்பலா மரத்தடிக்கு வந்துவிடுவாள். அந்த ஊரில் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். ஃபோனை ஒரு வேரில் சாய்த்து வைத்துவிட்டு வீடியோ காலில் மகனோடு இரண்டு கையாலும் பேசுவாள். அந்தக் கையகல மங்கல் திரையில் வேறு யாருக்கும் எதுவும் புரியாது. அதனால் எட்டிப் பார்ப்பவர்களும் இல்லை.

வீடியோ கால் செயலி அவளுக்குப் பல மாதமாக எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது. இந்த ஃபோனில் இனி ஓட மாட்டேன் என்று ஒரு பெட்டி வரும். அவள் சரி என்பதை அழுத்திவிட்டு மகனைப் பார்க்கப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நாம் எல்லோரும் அந்தப் பெட்டியை அப்படித்தான் நடத்துகிறோம்.

ஒரு ஞாயிறு, இசிகேலி வலது கையில் பெரிய கட்டோடு திரையில் வந்தான். என்ன என்று அவள் கேட்கிறாள், அவன் இடது கையால் ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறான், அதற்குள் சிக்னல் போய்விட்டது. அடுத்த ஞாயிறு செயலி திறக்கவே இல்லை.

திங்கட்கிழமை நான் கடைக்கு வரும்போது ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கீரைக் கட்டுகள் பக்கத்தில் வாடிக்கொண்டிருந்தன. அவள் தொழிலுக்குப் போகவில்லை என்பதை அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். மகனுக்குச் செய்தி அனுப்பினாயா என்று கேட்டேன். அனுப்பியிருந்தாள். கை எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு "ஓகே" என்று பதில் வந்திருந்தது. எத்தனை விரலில் அடி என்று கேட்டதற்கும் ஓகேதான். எழுத்தில் அவன் எப்போதுமே கஞ்சன். தச்சுப் பட்டறை, வலது கை, பெரிய கட்டு. அந்த ஒரு ஓகேயை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்? அவனுக்குக் கைதான் வாயும்.

ஃபோனை வாங்கி எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். புது மென்பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். அந்த மாடலுக்கு அனுப்புவதைக் கம்பெனி நிறுத்தி வருஷக்கணக்காகிறது. பழைய செயலியையே திரும்பப் போட்டேன். உள்ளே விடவில்லை. வேறு வழியாகத் திறக்கப் பார்த்தேன். ஃபோன் அடுப்புக்கல் மாதிரி சுட்டதுதான் மிச்சம்.

"போன வாரம் வரைக்கும் ஓடுச்சேண்ணே. இப்ப இதுல எது ஒடஞ்சிருக்கு?"

"எதுவும் ஒடயல."

"அப்புறம் என்ன?"

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். திருடர்கள் புதுப்புதுச் சாவி செய்துகொண்டே இருப்பதால், செயலிக்காரர்களும் பூட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. புதுப் பூட்டைப் பொருத்தப் பழைய கதவில் இடமில்லை. இடம் செய்து தர வேண்டிய கம்பெனிக்காரன் அடுத்த மாடலை விற்கப் போய்விட்டான். கதவு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"ஒடயாதத எதுக்கு மாத்தணும்?" என்றாள்.

 இந்தத் தொழிலில் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். திரை போனால் திரை மாற்றுவேன், பேட்டரி உப்பினால் பேட்டரி மாற்றுவேன், கடலில் விழுந்ததைக்கூட உலர்த்தி ஓட வைத்திருக்கிறேன். சாகாத ஒன்றைச் செத்துவிட்டது என்று எங்கேயோ உட்கார்ந்து ஒருவன் சொல்கிறான், நான் அதை வாடிக்கையாளரிடம் வழிமொழிய வேண்டியிருக்கிறது. புது ஃபோன் வேண்டும் என்று வருகிற பாதிப் பேரை, பேட்டரியை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்புகிறவன் நான். ஆனால் ஃபோன் எதற்காகக் கையில் இருக்கிறதோ அந்த ஒரு காரியத்தைச் செய்யவில்லை என்றால், அதற்குமேல் பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தமில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். பாட்டுக் கேட்க, டார்ச்சு அடிக்க, சாதாரணமாகப் பேச இது இன்னும் ஓடும். மகனைப் பார்க்க ஓடாது.

கடையில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஃபோன் இருந்தது. சுற்றுலா விடுதியில் வேலை பார்த்த ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. கம்பெனிக்காரன் அதற்கு இன்னும் சில வருஷம் மென்பொருள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். பழைய ஃபோன் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பளபளப்பைப் பார்த்து ஏமாறுகிறார்கள். இதுவோ பளபளப்பிலும் குறைச்சல் இல்லை. பெரிய திரை, ஒரு கீறல் கிடையாது. உலமிலா அதைக் கையில் வாங்கிப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"இது ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்காது."

பேட்டரி நல்ல பேட்டரி, நானே சோதித்தேன் என்றேன்.

"பேட்டரிய யாருண்ணே சொன்னா? சகியூசா."

அப்புறம் அவளே யோசனை சொன்னாள். இதை அசிங்கப்படுத்து என்றாள். பழசைப் புதுசாக்கி வயிறு வளர்க்கிற எனக்கு அப்படி ஒரு வேலை வந்தது அதுவே முதல் தடவை. சொன்னால் வெட்கம், ஆனால் ஆசையாகத்தான் செய்தேன். குப்பைக் கூடையில் கழற்றிப் போட்ட திரைக்காப்புக் கண்ணாடிகள் கிடந்தன. சரியான அளவில் ஒன்றைப் பார்த்தெடுத்து, நல்ல திரையின் மேல் ஒட்டினேன். ஏற்கெனவே நொறுங்கியதுதான். அவள் எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் நொறுங்கினால் நன்றாயிருக்கும் என்றாள். ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால் நாலு தட்டுத் தட்டினேன். பின்பக்கம் முழுக்கக் கறுப்பு டேப்பு. ஓரமெல்லாம் எண்ணெய் அழுக்கு. கடைசியில் அவள் தன் கீரைக் கூடையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தானே தேய்த்துக்கொண்டாள். காசைக் கொடுத்து, வினாகா சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கே பேசியிருக்கலாம்தான். ஆனால் பகலில் இசிகேலி பட்டறையில் இருப்பான், தங்குமிடத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் இணைய வசதி. அதுவரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு மத்தியானம் நானும் அவள் ஊருக்குப் போனேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். என் கைவேலை எப்படி நடிக்கிறது என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. நன்றாகவே நடித்தது. சாப்பிட்ட பாய்க்குப் பக்கத்திலேயே கிடந்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சகியூசா மட்டும், உலமிலா தலையணையைவிடப் பழைய ஃபோனை வைத்திருக்கிறாள் என்று கிண்டல் செய்தார். அவள் என்னைப் பார்க்காமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் தேங்காய்ப்பாலை நோக்கிக் குனிந்துகொண்டேன்.

மரத்தடியில் வழக்கமான கூட்டம். ஆளுக்கொரு வேரில் உட்கார்ந்து ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருக்கிற பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். உலமிலா தன் வேரில் ஃபோனைச் சாய்த்தாள். செயலி உடனே திறந்தது. இசிகேலி வந்தான். நல்ல தெளிவான படம், ஆனால் தெளிவாகப் பார்க்கத்தான் வழியில்லை. நான் தட்டிய நாலு தட்டும் குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, அவன் முகத்தை ஏழெட்டுத் துண்டாக்கி வைத்திருந்தன.

கட்டு எங்கே என்று அவள் கேட்டிருப்பாள் போல. அவன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். கட்டு இல்லை, கழற்றியிருந்தான். அவள் எண்ணினாள். விரலால் திரையில் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒரு விரிசல் சரியாக அவன் கையின் மேல் ஓடியது. ஒரு தடவை நாலு விரல் வந்தது, ஒரு தடவை ஆறு. ஃபோனைச் சாய்த்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள். அவன் அங்கே கையை ஆட்டி ஏதோ சொல்கிறான், இவளுக்குப் பிடிபடவில்லை.  பக்கத்தில் போய் நின்றேனே தவிர, அத்தனை பேர் முன்னால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவள் யோசிக்கவே இல்லை. நகத்தை விளிம்பில் விட்டு, திரைக்காப்புக் கண்ணாடியை ஒரே இழுப்பில் உரித்து எறிந்தாள்.

ஈரப்பலா நிழலில் அந்தத் திரை பளீரென்று எரிந்தது. இசிகேலி முழுசாக, ஒரே துண்டாக வந்தான். ஐந்து விரலும் இருந்தன. மோதிர விரலில் மட்டும் தையல் போட்ட கறுப்புக் கோடு. அவன் அதை மடக்கி நீட்டிக் காட்டினான். உலமிலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் அங்கே சிரித்தான்.

அழுது முடித்துத் திரும்பினாள். எல்லோரும் ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சகியூசா எழுந்து வந்தார். புல்லில் கிடந்த நொறுங்கிய கண்ணாடியைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். 

"உலமிலா, கெரெகெரெ" என்றார்.

அவள் மகனைப் பார்த்தாள். அவன் திரையில் காத்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஃபோனை எடுத்து, இரண்டு கையாலும் அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். அவள் முகத்தில் சுளிப்பே இல்லை. 

சகியூசா அதைக் கையில் எட்டப் பிடித்துக்கொண்டார். திரைக்குள் இருந்த பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூக்குக்குக் கீழே விரல் வைத்து, இரண்டு பக்கமும் மீசையை நீவுவதுபோல் இழுத்தார். அவருக்கு இப்போது மீசை கிடையாது, எப்போதோ மழித்துவிட்டார். இசிகேலி குழந்தையாக இருந்தபோது மாமனுக்கு வைத்த சைகைப் பெயராம் அது. திரையில் பையனின் தோள்கள் குலுங்கின. அவனும் பதிலுக்கு மீசையை நீவினான். சூவாவுக்குப் போன நாளிலிருந்து மாமனும் மருமகனும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"கை வலிக்குதான்னு எப்படிக் கேக்கிறது?" என்று சகியூசா தங்கையிடம் கேட்டார். அவள் செய்து காட்டினாள். அவர் தப்பாகச் செய்தார். பையன் இன்னும் சிரித்தான். அதற்குள் அண்ணன் மனைவி வந்தாள், சித்தப்பா வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஃபோன் கைமாறிப் போய்க்கொண்டே இருந்தது. இசிகேலி ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தான். ஒருத்திக்குப் பல் இடுக்கு, ஒருத்திக்கு நடை. அவர்களில் பலருக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் ஃபோன் சகியூசாவிடமே திரும்பி வந்தது. அவர் அதை உலமிலாவின் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நொறுங்குன கண்ணாடிய ஒட்டி மறைக்கிற அளவுக்கு ஆயிட்டேனா நானு?"

"நீ கேட்டிருப்பல்ல?"

"கேட்டிருப்பேன். நீயும் குடுத்திருப்ப. அப்புறம் பையனப் பாக்கணும்னு நீ வந்து கேட்டிருப்ப, நான் திருப்பிக் குடுத்திருப்பேன். இதுல உனக்கு என்ன கஷ்டம்?"

  அசிங்கமான ஃபோனை வைத்துக்கொண்டு அவள் ஃபோனை மட்டும் பத்திரப்படுத்தவில்லை, மகனையும் அல்லவா ஒளித்து வைத்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெரிய ஃபோனை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்டால் இசிகேலியைக் கேட்டது மாதிரி ஆகிவிடும். ஆனால் சகியூசா சும்மா விடவில்லை. தீக்குச்சிப் பள்ளமும் டேப்பும் உள்ள அந்தப் பழைய ஃபோனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். யங்கோனாத் தோட்டத்துக்குப் போகும்போது அதில் ரேடியோவும் ஜெபப் பாட்டும் கேட்கிறார். இன்றைக்கும் பாடுகிறது. செத்துவிட்டது என்று சொன்னவனைக் கூட்டி வந்து அந்தத் தோட்டத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சில வாரம் கழித்து உலமிலா கடைக்கு வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் முதலில் சகியூசாவிடம் போகிறதாம். அவர் இப்போது வாக்கியமே பேசுகிறாராம், பாதி தப்பு. அப்புறம் மற்ற வீடுகள். தன் கைக்கு வரும்போது பேட்டரி சிவப்பில் நிற்கிறது, மகனிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் திரை கறுத்துவிடுகிறது என்றாள். பெற்றவள் நான், எனக்குக் கடைசிப் பந்தி என்று புலம்பினாள். புலம்பலுக்கு நடுவிலேயே உதட்டோரத்தில் சிரிப்பு வந்து வந்து போனது.

பின்னால் அலமாரியில் பவர் பேங்க் ஒன்று இருந்தது, ஃபோனை நாலு தடவை நிரப்பும் பெரியது. அவள் கண் அதன்மேல் நின்றது. விலை சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"சுபர்மணி அண்ணே, கெரெகெரெ" என்றாள்.

நான் அதை எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தேன். கூடைக்குள், கீரைக்கட்டுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். டேப்புக்குக்கூட வினாகா சொல்கிறவள், அன்றைக்குச் சொல்லவில்லை.